பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை: மிரரில் விளக்கு எரியாவிட்டால் என்ன அர்த்தம்?

புதிய கார்கள் பலவற்றில் சைடு மிரரின் ஓரத்தில் ஒரு சின்னம் மஞ்சளாக எரியும். பக்கத்து லேனில், உங்கள் கண்ணுக்கு மறைவான இடத்தில் ஒரு வண்டி இருக்கிறது, இப்போது அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். அது எரியும்போது யாருக்கும் குழப்பம் வருவதில்லை. எரியாதபோதுதான் வருகிறது. விளக்கு எரியவில்லை, ஆகவே பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார்கள்.

அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வசதி உள்ள காரை ஓட்டியவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு இதன் எல்லைகள் தெரியவில்லை, அல்லது இதனால் முடியாதவற்றையும் இது செய்யும் என்று நம்பியிருந்தார்கள். அதற்காக இது பயனற்ற வசதி என்று ஆகிவிடாது. அதே நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகமான ஐஐஎச்எஸ் 2017-ல் கணக்கிட்டபோது, லேன் மாறும்போது நடக்கும் விபத்துகள் இந்த வசதி உள்ள கார்களில் 14 சதவீதம் குறைவாக இருந்தன. அந்த வகை விபத்துகளில் காயம் ஏற்பட்டவற்றை மட்டும் எடுத்தால் 23 சதவீதம் குறைவு. நல்ல வசதிதான். ஆனால் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்த்தும் வேண்டுமென்றே ஒதுக்கிவிடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் முழுப்பயன்.

மறைவான இடம் எங்கே இருக்கிறது

உள்ளே இருக்கும் ரியர்வியூ மிரர் பின் கண்ணாடி வழியே நேர் பின்னால் காட்டும். சைடு மிரர்கள் பக்கவாட்டில் சாய்வாகப் பின்னால் காட்டும். முன்னால் நேராகப் பார்க்கும்போது கடைக்கண்ணில் காரின் முன்பாதிக்குப் பக்கத்தில் வருபவை தெரியும். இவை மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் விட்டுவைக்கும் இடம்தான் பிளைண்ட் ஸ்பாட். பின் கதவிலிருந்து தொடங்கி, பின் பம்பருக்குச் சில மீட்டர் பின்னால் வரை, இரண்டு பக்கமும் அது ஒரு முக்கோணம்போல விரியும்.

மிரர்களுக்கான ஐ.நா. விதி 46 என்ன கேட்கிறது என்று பார்த்தால் இது எவ்வளவு இயல்பான பிரச்சினை என்பது விளங்கும். சைடு மிரரில், ஓட்டுநரின் கண்ணுக்கு 4 மீட்டர் பின்னால் 1 மீட்டர் அகலச் சாலை தெரிந்தால் போதும். 20 மீட்டர் பின்னால் 4 மீட்டர் அகலம் தெரிய வேண்டும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதாவது, விதிப்படி சரியாக இருக்கும் மிரரிலும் பக்கத்து லேன் முழுதாகத் தெரிவதற்குக் கிட்டத்தட்ட 20 மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கலாம். இடையில் ஒரு பைக் அல்ல, ஒரு சிறிய காரே காணாமல் போக இடம் உண்டு.

வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நம் கார்களில் இடப்பக்கம் இன்னும் மோசம். வலது மிரர் கண்ணுக்குக் கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது; இடது மிரர் அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி. ஒரே அளவு கண்ணாடி எட்டப் போகப்போக அதில் தெரியும் பரப்பு குறையும். தலையைத் திருப்பிப் பார்க்கலாம் என்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவரும், நடுத்தூணும், பின்தூணும் மறைக்கும். டூவீலர்கள் இடப்பக்கமாக நுழைந்து முன்னேறுவது வழக்கமாக இருக்கும் ஊர்களில் இந்த இடம்தான் அதிக ஆபத்து. 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி தலையைத் திருப்பிப் பார்த்தால் அதற்குள் கார் 22 மீட்டர் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த மூலையைப் பார்க்கத் தனியாக ஒரு கண் வைக்க ஏன் நினைத்தார்கள் என்பது புரியும்.

பம்பருக்குள் இருக்கும் கண்

அந்தக் கண் பெரும்பாலான கார்களில் ரேடார், அதாவது ரேடியோ அலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பிடிக்கும் கருவி. பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும், பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே, வெளியே தெரியாதபடி உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முகம் நேர் பின்னாலும் இல்லாமல் நேர் பக்கவாட்டிலும் இல்லாமல் மூலைவாட்டில் திரும்பியிருக்கும். பழைய வகை 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது, அலையின் நீளம் 12.5 மி.மீ. இப்போது வருபவை பெரும்பாலும் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸுக்குள் இயங்குகின்றன. 77-ல் அலையின் நீளம் 3.9 மி.மீ. அலை சிறுத்தால் ஆன்டெனாவும் சிறுக்கும், கூர்மையும் கூடும்.

ரேடார் தூரத்தை அளக்கும் வழி அழகானது. அது ஒரே சுருதியில், அதாவது ஒரே அதிர்வெண்ணில், அலையை அனுப்புவதில்லை. ஒரு விநாடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் சுருதியைச் சீராக ஏற்றிக்கொண்டே போகிறது, ஸ்வரம் ஏறுவதுபோல. எதிரே ஒரு வண்டியில் பட்டு அந்த அலை திரும்பி வருவதற்குள், அனுப்பும் சுருதி இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்கும். இப்போது அனுப்பிக்கொண்டிருக்கும் சுருதிக்கும் திரும்பி வந்த சுருதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், அலை போய்வர எவ்வளவு நேரமானது, ஆகவே வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு: 30 மைக்ரோ விநாடியில் 300 மெகாஹெர்ட்ஸ் ஏறும் ரேடார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மைக்ரோ விநாடிக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ஏற்றம். 6 மீட்டர் தொலைவில் உள்ள காருக்கு அலை போய்வர 0.04 மைக்ரோ விநாடி. ஆக, சுருதி வித்தியாசம் 400 கிலோஹெர்ட்ஸ். அதே கார் 3 மீட்டரில் இருந்தால் 200 கிலோஹெர்ட்ஸ். அருகருகே உள்ள இரண்டு பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தறியும் திறன், சுருதி மொத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. 300 மெகாஹெர்ட்ஸ் ஏற்றத்துக்கு அரை மீட்டர். 1 கிகாஹெர்ட்ஸ் ஏற்றினால் 15 செ.மீ. காருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வரும் பைக்கைப் பிரித்தறிய அதிக ஏற்றம் உள்ள ரேடார் உதவும்.

வேகத்தை அளப்பது இன்னும் நுட்பம். ரேடார் அடுத்தடுத்து அனுப்பும் அலைகளின் எதிரொலிகளை ஒப்பிடுகிறது. எதிரே உள்ள வண்டி 1 மி.மீ. நெருங்கினாலே அலையின் பாதை போகவரச் சேர்த்து 2 மி.மீ. குறையும். 3.9 மி.மீ. நீளமுள்ள அலைக்கு அது பாதிச் சுற்று. அவ்வளவு சிறிய நகர்வும் பளிச்சென்று தெரிவதால், எதிரில் உள்ளது நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா, எந்த வேகத்தில் என்பது உடனே கிடைத்துவிடும். திசையை அறிய, சுமார் 2 மி.மீ. இடைவெளியில் வரிசையாக அமைந்த பல சிறு ஆன்டெனாக்கள் எதிரொலியைப் பிடிக்கின்றன. பக்கவாட்டிலிருந்து வரும் அலை ஒரு ஆன்டெனாவை முதலிலும் அடுத்ததை நூலிழை தாமதமாகவும் தொடும். அந்தத் தாமதம்தான் கோணம்.

தூரம், வேகம், கோணம் மூன்றும் கைக்கு வந்தாயிற்று. இதோடு சக்கர வேக சென்சாரிலிருந்து நம் காரின் வேகமும், கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற தகவலும் காரின் உள் கம்பித்தொடர்பு வழியே வந்து சேரும். இனி முடிவெடுக்க வேண்டியது மென்பொருள்.

எதை ஒதுக்குகிறது

ரேடாருக்கு எல்லாமே தெரியும்: நிறுத்தியிருக்கும் கார், மைல்கல், மரம், பாலத்தின் கைப்பிடிச் சுவர், எதிரே வரும் பஸ். இவை எல்லாவற்றுக்கும் விளக்கு எரிந்தால் அது எரிந்துகொண்டேதான் இருக்கும், இரண்டாம் நாளே யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஒதுக்குவதுதான் இந்த அமைப்பின் பாதி வேலை.

முதல் வடிகட்டி, நிற்பவற்றை விலக்குவது. நாம் 60-ல் போகும்போது ஒரு பொருள் நம்மைவிட்டு 60 வேகத்தில் பின்னால் விலகினால் அது நிற்கிறது என்று பொருள். அதைவிட வேகமாகப் பின்னோக்கிப் போனால் எதிரே வந்து கடந்த வண்டி. இரண்டும் கணக்கில் வராது.

இரண்டாவது, நாம் முந்திச் செல்லும் வண்டிகள். ஒரு லாரியை நாம் வேகமாகக் கடந்தால் அது நம் பக்கவாட்டு மூலையில் ஒரு கணம் இருந்துவிட்டுப் பின்னால் போய்விடும். அதற்கு விளக்கைப் போட்டால் தொல்லை என்று பல அமைப்புகள் எரியாமல் விடுகின்றன, அல்லது தாமதித்து எரிய விடுகின்றன. வேக வித்தியாசம் குறைவாக இருந்து, இரண்டு வண்டிகளும் கொஞ்ச நேரம் இணையாகப் போனால் மட்டும் எரியும். ஒரு லாரியை முந்தியவுடன் அவசரமாக அதே பக்கம் திரும்பும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நம் வேகம். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் எப்போதும் யாராவது இருப்பார்கள். அதனால் மாடலைப் பொறுத்து 10 முதல் 30 கி.மீ. வரையிலான ஏதோ ஒரு வேகத்துக்குக் கீழே அமைப்பு தானாக ஓய்ந்துவிடும். டூவீலர்கள் மொய்க்கும் சிக்னலில், எது அதிகம் தேவையோ அந்த இடத்தில், பல கார்களில் அது வேலை செய்வதே இல்லை. உங்கள் கார் எந்த வேகத்தில் விழிக்கிறது என்பது கையேட்டில் இருக்கும், ஒருமுறை தேடிப் படித்துவிடுங்கள்.

நான்காவது, கற்பனைப் பெட்டி. இதுதான் மிக முக்கியம். ரேடார் சாலைக் கோடுகளைப் பார்ப்பதில்லை. காரின் இரண்டு பக்கமும் தரையில் ஒரு கற்பனைப் பெட்டியை வரைந்துகொண்டு, அதற்குள் வருபவற்றை மட்டும் எண்ணுகிறது. இந்த வகை அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 17387 தரநிலை, 2008-ல் வெளியானது, இந்தப் பெட்டியை இப்படி வரையறுக்கிறது: அகலம், காரின் பக்கவாட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கி 3 மீட்டர் வரை; நீளம், முன்னால் ஏறக்குறைய ஓட்டுநரின் கண் மட்டத்திலிருந்து பின் பம்பருக்கு 3 மீட்டர் பின்னால் வரை. உற்பத்தியாளர்கள் இதைவிடக் கூடுதலாக வைப்பதுண்டு. ஆனாலும் ஒரு லேனின் அகலத்தை அனுமானித்து வரைந்த பெட்டிதான் அது. லேன் குறுகலாக இருந்தால் அடுத்த லேனைத் தாண்டி அதற்கடுத்த லேனில் போகும் லாரிக்கும் விளக்கு எரியும். லேன் அகலமாக இருந்து, நீங்கள் ஒரு ஓரமும் அவர் மறு ஓரமும் போனால் எரியாமலும் போகலாம். வளைவுகளில் பெட்டியை வளைத்துக்கொள்ளப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் அந்தக் கணக்கு தடுமாறும்.

இவ்வளவு வடிகட்டியும் ஒரு பொய் எச்சரிக்கை மட்டும் விடாமல் தொடர்கிறது: நெடுஞ்சாலையின் இரும்புத் தடுப்பு. நிற்கும் பொருளை ஒதுக்கும் அமைப்பு, நிற்கும் தடுப்புக்கு ஏன் எரிகிறது? வழவழப்பான நீண்ட தகடு, ரேடாருக்குக் கண்ணாடி மாதிரி. அலையைத் திருப்பி அனுப்புவது ரேடாருக்குச் செங்குத்தாக எதிரே உள்ள புள்ளி மட்டும்தான். கார் நகர நகர அந்தப் புள்ளியும் கூடவே நகரும். தூரம் மாறாது, நெருங்கவோ விலகவோ செய்யாது. பக்கத்தில் நம் வேகத்திலேயே ஒரு வண்டி வருவதும் ரேடாருக்கு அப்படித்தான் தெரியும். சுரங்கப்பாதையின் சுவரிலும் இதே கதை. இது கோளாறு அல்ல, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பின்னால் இருந்து பாய்ந்து வரும் வண்டி

மேலே சொன்ன பெட்டி பின் பம்பருக்கு 3 மீட்டர் பின்னால் முடிகிறது. உங்களைவிட 30 கி.மீ. அதிக வேகத்தில் ஒரு பைக் பக்கத்து லேனில் வருகிறது. விநாடிக்கு 8.3 மீட்டர் நெருங்குகிறது. பெட்டியின் ஓரத்தைத் தொட்ட நேரத்திலிருந்து உங்கள் பம்பரை எட்ட அதற்கு 0.36 விநாடி போதும். விளக்கு எரிந்து, நீங்கள் பார்த்து, கை நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதற்காகவே தரநிலை இந்த அமைப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை பெட்டிக்குள் இருப்பதை மட்டும் சொல்லும். இரண்டாம் வகை பின்னாலிருந்து நெருங்கி வருவதைச் சொல்லும். மூன்றாம் வகை இரண்டையும் செய்யும். நெருங்கும் வண்டியைச் சொல்பவற்றிலும் படிகள் உண்டு. விநாடிக்கு 10 மீட்டர் வரை நெருங்குபவற்றுக்கு 2.5 விநாடி முன்பு எச்சரிக்கை. 15 மீட்டர் வரை என்றால் 3 விநாடி. 20 மீட்டர் வரை என்றால் 3.5 விநாடி. கடைசிப் படிக்குப் பின்னால் 70 மீட்டர் பார்க்கும் ரேடார் வேண்டும்.

கார் வாங்கும்போது விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பக்கத்தில் இருப்பதை மட்டும் சொல்லுமா, பின்னால் வேகமாக வருவதையும் சொல்லுமா? விளம்பரத்தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டிருக்கலாம். பதில் கையேட்டின் படத்தில் இருக்கும்.

இன்னொரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. ஹோண்டா சிட்டியின் ஐந்தாம் தலைமுறையில் இடது மிரருக்கு அடியில் ஒரு கேமரா உண்டு. இடது இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கக் காட்சி திரையில் வரும். ஹூண்டாய் கிரெட்டாவின் உயர்வகைகளில் இண்டிகேட்டர் போட்டதும் அந்தந்தப் பக்கக் காட்சி மீட்டர் பலகையிலேயே தெரியும். இந்தக் காட்சி மிகவும் பயனுள்ளது. டூவீலர் நிறைந்த ஊரில் எங்கள் கணிப்பில் விளக்கைவிட இதுவே மேல், ஏனென்றால் ரேடார் ஒதுக்குவதையும் கேமரா காட்டிவிடும். ஆனால் கேமரா காட்சி காட்டும், அவ்வளவுதான். பார்த்து முடிவெடுப்பவர் நீங்கள். எச்சரிப்பது ரேடாரின் வேலை. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கியவர்கள் விளக்கு எரியக் காத்திருப்பார்கள்.

எச்சரிக்கையையே கேமரா கொண்டு செய்த காலமும் உண்டு. வால்வோ நிறுவனம் 2000-களின் நடுவில் சைடு மிரருக்கு அடியில் கேமரா வைத்து, விநாடிக்கு 25 படங்களை ஒப்பிட்டு, 9.5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பகுதியைக் கவனிக்கச் செய்தது. மூடுபனியும், தாழ்ந்த வெயிலும், லென்ஸில் படிந்த சேறும் அதற்குத் தடையாக இருந்தன. பிறகு வால்வோவும் ரேடாருக்கு மாறிவிட்டது.

டூவீலர் தெரியுமா?

தெரியும், ஆனால் காரைப்போலத் தெரியாது. காரின் தகட்டுப் பரப்போடு ஒப்பிட்டால் பைக்கின் எதிரொலி மிகச் சிறியது. எதிரொலி பத்தில் ஒன்றாகக் குறைந்தால், ரேடார் அதைக் கண்டுபிடிக்கும் தூரம் சுமார் 56 சதவீதமாகச் சுருங்கும். காரை 70 மீட்டரில் பிடிக்கும் ரேடார் அந்தப் பைக்கை 40 மீட்டரில்தான் பிடிக்கும். ஐஎஸ்ஓ சோதனையில் இலக்காக வைப்பது மோட்டார் சைக்கிள் அளவுள்ள வண்டிதான் என்பதால், பெட்டிக்குள் வந்த பைக்கை நல்ல அமைப்பு தவறவிடாது. சைக்கிளும், நடந்து போகிறவரும், மாடும் அப்படியல்ல. பல கையேடுகள் இவற்றுக்கு எச்சரிக்கை வராமல் போகலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன. பெட்டி அரை மீட்டர் தள்ளித் தொடங்குவதால் கதவை உரசிக்கொண்டு வரும் டூவீலருக்கும் உறுதி கிடையாது.

லாரி, பஸ்களில் இந்தக் குறை உயிர்களைக் குடித்தது. திரும்பும் லாரியின் பக்கத்தில் சிக்கும் சைக்கிளோட்டியைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஐ.நா. விதி 151 வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 2022 ஜூலை முதல் புதிய மாடல் கனரக வண்டிகளுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கனரக வண்டிகளுக்கும் கட்டாயம்.

எது கெடும், ஏன் கெடும்

ரேடார் பெட்டி கெடுவதைவிட, அதன் முன்னால் இருப்பது கெடுவதே அதிகம். பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். 77 கிகாஹெர்ட்ஸ் அலை அதற்குள் புகும்போது நீளம் 2.6 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். பம்பரின் தடிமன் அதில் பாதியின், அதாவது 1.3 மி.மீ.யின், மடங்காக இருந்தால் முன்முகத்திலும் பின்முகத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலை ஏறக்குறைய முழுதாக வெளியே போகும். அந்தத் தடிமனில் அரை மி.மீ. கூடினாலே கணக்கு கெட்டுவிடும், திரும்பி வரும் எதிரொலியும் அதே தடையை இரண்டாம் முறை கடக்க வேண்டும்.

இதனால்தான் பின் பம்பர் மூலையில் அடிபட்டால் டிங்கரிங் கடையில் பட்டி போட்டு, தேய்த்து, மேலே பெயின்ட் அடிப்பது ஆபத்து. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரேடாருக்குப் பாதிக் கண் போயிருக்கும். எச்சரிக்கை விளக்கு ஏதும் வராது, ஏனென்றால் ரேடார் இன்னும் வேலை செய்கிறது; பார்க்கும் தூரம் மட்டும் குறைந்திருக்கும். உலோகத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்டைப் பல அடுக்கு அடிப்பதும் இதே விளைவைத் தரும். ரேடார் பகுதியில் பட்டியோ ஒட்டுவேலையோ செய்யாமல் பம்பர் உறையை மாற்றுவதுதான் சரி. இன்சூரன்ஸில் சரிசெய்யும்போது இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே மூலையில் ஒட்டும் ஸ்டிக்கர், குரோம் பட்டை, பின்னால் மாட்டும் சைக்கிள் தாங்கி எல்லாமே மறைக்கும். உலோக கிராஷ் கார்டு ரேடாரை நேரடியாகக் குருடாக்கும். இந்தியாவில் 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைப் பொருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது, ஆகவே அதைக் கழற்ற இன்னொரு காரணம்.

சேறு காய்ந்து தடிமனாக ஒட்டினாலும், அடைமழையில் பம்பர் மீது தண்ணீர்ப் படலம் ஓடினாலும், ‘ரேடார் மறைக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு செய்தி மீட்டரில் வரும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெகுநேரம் எந்த எதிரொலியும் வராததை வைத்துத்தான் பல அமைப்புகள் தாம் மறைக்கப்பட்டதாக முடிவு செய்கின்றன. அதனால் வண்டியோ மரமோ தடுப்போ இல்லாத வெட்டவெளிச் சாலையில் சுத்தமான பம்பரோடு போகும்போதும் அந்தச் செய்தி வரலாம். ஊருக்குள் வந்ததும் போய்விட்டால் கவலை வேண்டாம்.

ரேடாரின் தாங்கி வளைவது இன்னொரு வகை. பார்க்கிங்கில் மெதுவாகச் சுவரில் இடித்திருப்பார்கள், பிளாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், உள்ளே தாங்கி 3 பாகை சாய்ந்து நிற்கும். 5 மீட்டரில் அதன் பிழை 26 செ.மீ.தான். 50 மீட்டரிலோ 2.6 மீட்டர். பக்கத்து லேனில் பாய்ந்து வரும் காரை உங்கள் லேனிலேயே உங்களுக்குப் பின்னால் வருவதாகக் கணக்கிட்டு எச்சரிக்காமல் விட்டுவிடும், அல்லது நேர் பின்னால் வருபவருக்கு அலறும். அடிபட்ட பிறகு பக்கத்து வண்டிகளைச் சரியாகவும் தொலைவு வண்டிகளைத் தவறாகவும் சொல்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தாங்கியைத்தான்.

ரேடாரைக் கழற்றி மாட்டினாலோ, புதிதாகப் போட்டாலோ அளவீடு செய்ய வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, உற்பத்தியாளர் சொன்ன தூரத்திலும் உயரத்திலும் ஒரு எதிரொலிப்பானை வைத்து, ஸ்கேனர் கருவியை இணைத்துச் செய்வது ஒரு முறை. குறிப்பிட்ட வேகத்தில் சாலையில் ஓட்டி, ஓரத்தில் நிற்பவற்றை வைத்து அதுவே கற்றுக்கொள்ளச் செய்வது இன்னொரு முறை. எது என்பது மாடலைப் பொறுத்தது. பல கார்களில் இரண்டு ரேடார்களில் ஒன்று தலைமை, மற்றது துணை; பெட்டி பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இடம் வலம் மாற்றிப் போட்டால் சரிவராது. பழுதான காரிலிருந்து எடுத்த பழைய பெட்டியை அப்படியே மாட்டித் தருகிறேன் என்பவரிடம் அளவீட்டுக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு சிறு விஷயம் அடிக்கடி தவறிப்போகிறது. சைடு மிரரின் கண்ணாடி உடைந்தால், மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரணக் கண்ணாடியைப் போட்டுவிடுவார்கள். எச்சரிக்கை விளக்கு சில கார்களில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ரேடார் பார்த்துக்கொண்டே இருக்கும், சொல்ல வாய் இருக்காது.

கடையில் வாங்கிப் பொருத்தும் கிட்

பழைய காருக்குத் தனியாகப் பொருத்திக்கொள்ளும் கருவிகள் இரண்டு வகை. மலிவானது, பார்க்கிங் சென்சார்போல ஒலியலையில் இயங்குவது. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர்தான். பார்க்கும் தூரம் இரண்டு மூன்று மீட்டர். நிற்பது, நகர்வது என்று பிரித்தறிய அதனால் பெரும்பாலும் முடியாது. சுவர், நிறுத்தியிருக்கும் கார் எல்லாவற்றுக்கும் கத்தும். காற்றிரைச்சலும், பக்கத்து லாரி ஏர் பிரேக் விடும்போது வரும் சீறலும்கூட அதைக் குழப்பும். நெடுஞ்சாலைக்கு அதை நம்ப வேண்டாம். ரேடார் கிட் தேவலாம். ஆனால் அதற்குக் காரின் வேகம் தெரிய வேண்டும். காரின் உள் தொடர்பிலிருந்து எடுக்க முடியாதவை ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்து வேகத்தைக் கணிக்கும். சுரங்கப்பாதையிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் அது தவறும். பம்பரில் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் ஒட்ட வேண்டும் என்று கிட்டோடு வரும் அளவை அப்படியே பின்பற்றாவிட்டால், மேலே சொன்ன 3 பாகைப் பிழை முதல் நாளிலேயே வந்துவிடும்.

மிரரும் இண்டிகேட்டரும்

இந்த எச்சரிக்கை இரண்டு படியில் வரும். பக்கத்தில் வண்டி இருந்தால் விளக்கு சும்மா எரியும். அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டால்தான் விளக்கு விட்டுவிட்டு மின்னும், ஒலி எழும், சில கார்களில் ஸ்டீயரிங் அதிரும். திரும்பும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறது என்பதை ரேடார் அறிய அதுதான் வழி. இண்டிகேட்டர் போடாமலேயே லேன் மாறுபவருக்கு இரண்டாம் படி எச்சரிக்கை வாய்ப்பதே இல்லை. வசதிக்குக் கொடுத்த காசில் பாதி அங்கேயே வீண்.

மிரரை எப்படி வைத்திருக்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான். பலரும் தம் காரின் பக்கவாட்டுப் பகுதியே மிரரின் கால்பங்கில் தெரியும்படி வைக்கிறார்கள். அந்தக் கால்பங்கு வீண். நம் கார் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-ல் எழுதிய முறை எளியது. தலையை வலது ஜன்னல் கண்ணாடி அருகே சாய்த்து, காரின் பின் ஓரம் வலது மிரரில் இப்போதுதான் தெரிகிறது என்னும் அளவுக்கு அதை வெளியே திருப்புங்கள். பிறகு இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுவந்து இடது மிரரையும் அப்படியே திருப்புங்கள். நேராக உட்கார்ந்தால் உங்கள் கார் மிரரில் தெரியாது, பக்கத்து லேன் தெரியும். டூவீலர்கள் கதவோடு ஒட்டி வரும் நகரங்களில் இடது மிரரில் மட்டும் காரின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும்படி விட்டுவைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி. காரை ஆன் செய்தவுடன் இரண்டு மிரர் விளக்குகளும் ஓரிரு விநாடி எரிந்து அணைகின்றனவா பாருங்கள். பல கார்களில் இந்தச் சுயசோதனை உண்டு. பிறகு கூட்டமில்லாத நேரத்தில் நான்குவழிச் சாலையில், இடது லேனில் சீரான வேகத்தில் போங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஒரு கார் உங்களை முந்திச் செல்லும்போது அவர் கவனிக்க வேண்டியது மூன்று நேரங்களை: அந்தக் கார் வலது மிரரிலிருந்து மறைவது, விளக்கு எரிவது, கார் ஜன்னல் வழியே நேரில் தெரிவது. மறைவதற்கு முன்பே விளக்கு எரிந்து, நேரில் தெரிந்த பிறகு அணைய வேண்டும். இடையில் கார் எதிலும் தெரியாத, விளக்கும் எரியாத ஒரு கணம் இருந்தால் மிரரை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பி மறுபடி பாருங்கள். சாலை இடம் தரும்போது, உங்கள் இடப்பக்கம் வண்டிகள் முந்தும் இடத்தில் அந்தப் பக்கத்துக்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் விளக்கு தாமதமாகவே எரிகிறது என்றால் அந்த மூலையின் பம்பரை விரலால் தடவி, பட்டி ஏறிய தடிப்போ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் ரேடாரின் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள்.